களா விதை காத்திருக்காது

புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கோரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மானாவாரிப் புஞ்சை உண்டு. சரளை கலந்த செம்மண். ஒரு சாண் தோண்டினால் மண்வெட்டி கல்லில் மோதும். அந்தப் புஞ்சையின் வடக்கு எல்லையில் என் சிறுவயதில் ஓர் உயிர்வேலி இருந்தது. களாவும் சூரையும் காரையும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, மேலே பிரண்டையும் கோவைக்கொடியும் படர, ஆள் உயரத்துக்கு நின்ற அந்த வேலிக்குள் கை நுழையாது, ஆடு நுழையாது. ஆனால் கீரியும் கௌதாரியும் உடும்பும் தத்தம் வழியை அறிந்து போய்வந்துகொண்டிருந்தன. எல்லையை அளந்து கல்கால் ஊன்றி முள்கம்பி கட்டிய ஆண்டில், சீமைக்கருவேலத்தை அகற்ற வந்த பொக்லைன் இயந்திரம் இந்த வேலியையும் ஒரே காலையில் வழித்துக் குவித்துவிட்டது. ஓட்டி வந்தவருக்கு எல்லாமே முள்ளாகத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டாரும் தடுக்கவில்லை. குவியல் காய்ந்ததும் தீ வைத்தார்கள்.

கம்பிவேலிக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுதான் என்ன போயிற்று என்பது எனக்கு மெல்லப் புரிந்தது. வைகாசியில் அப்பத்தா மடி நிறையப் பறித்துவரும் களாக்காய் இல்லை. மாசியில் விடியற்காலையில் வரப்பில் நடந்தால் வரும் அந்த முல்லை போன்ற வாசனை இல்லை. ஆடிக்காற்று தடையின்றிப் புழுதியை வாரிக்கொண்டு வந்து கிணற்றடியில் கொட்டியது. கம்பியோ ஏழெட்டு ஆண்டுகளில் துருவேறி, இரண்டு இடங்களில் அறுந்து தொங்கியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த எல்லையில் மீண்டும் களாவை எழுப்புவதென்று முடிவு செய்தேன். நாற்று வாங்கி நடாமல் விதையிலிருந்து எழுப்ப வேண்டும் என்று நினைத்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

களாவை அறியாதவர்களுக்காக முதலில் செடியைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கிளாக்காய் என்பார்கள், ஏட்டில் களா. பெருங்களா, சிறுகளா என்று இரண்டு. பெருங்களாவுக்கு 1767ஆம் ஆண்டில் தாவரவியலாளர் லின்னேயஸ் காரிசா காரண்டாஸ் என்று பெயரிட்டார். வடமொழி வழிவந்த நாட்டுப் பெயரே அந்தப் பெயரின் பிற்பாதியில் இன்னும் ஒலிக்கிறது. இந்தியில் கரௌந்தா என்றும் தெலுங்கில் வாக்காய என்றும் சொல்வது இதைத்தான். சிறுகளா என்பது காரிசா ஸ்பைனாரம். அது ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை வறண்ட புதர்க்காடுகளில் பரவிக் கிடக்கும் செடி. இலை சிறிது, காய் பட்டாணியைவிடச் சற்றே பெரிது. இரண்டுக்கும் எதிரெதிராக அமைந்த, தோல் போன்று தடித்த, பளபளக்கும் இலைகள். கணுவில் இணையாகப் புறப்படும் உறுதியான முட்கள், சில நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். கிளை நுனியில் கொத்தாக வெண்ணிறப் பூக்கள். எந்த இடத்தில் கிள்ளினாலும் வெள்ளைப் பால் வடியும். அரளியும் நந்தியாவட்டையும் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தது இது. அரளியின் உறவு என்று கேட்டவுடன் அஞ்சத் தோன்றும். ஆனால் இந்தச் செடியின் கனியை நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக உண்டு வந்திருக்கிறார்கள்.

அந்தக் கனியின் கருமை தமிழுக்குப் பழக்கமானது. புறநானூற்றில் பாணர் ஏந்திய சிறிய யாழின் கரிய கோட்டுக்குக் களங்கனியையே உவமையாகச் சொல்கிறார்கள். எண்ணெய் ஏறிப் பளபளக்கும் மரத்தின் கருமைக்கும் முற்றிக் கனிந்த களாப்பழத்தின் கருமைக்கும் உள்ள ஒப்பை, பழத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர்தான் சொல்லியிருக்க முடியும். கருமைக்குள் ஒரு செம்மை ஒளிந்திருக்கும், வெயிலில் பிடித்தால் தெரியும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்கு உரிய சேரனுக்கு களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் என்றே பெயர். முடிசூடும் காலத்தில் ஏதோ ஒரு காரணத்தால் தக்க கண்ணி என்னும் தலைமாலையும் முடியும் கிட்டாமற்போக, களங்காயால் கண்ணியும் நாரால் முடியும் செய்து அணிந்தான் என்று பழைய உரைகாரர் எழுதுகிறார். ஓர் அரசன் வேறு எதுவும் இல்லாத வேளையில் கைநீட்டிப் பறிக்கும் தொலைவில் களா இருந்திருக்கிறது என்பதே எனக்கு அந்தக் குறிப்பில் பிடித்த செய்தி. அத்தனை எளிதாகக் கிடைத்த செடி அது.

முதல் ஆண்டில் நான் செய்தது முழுக்கத் தவறு. ஆடி மாதத்தில், பக்கத்து ஊர்க் கண்மாய்க்கரையில் தப்பிப் பிழைத்திருந்த ஒரு பழைய பெருங்களாப் புதரிலிருந்து கனிந்த பழங்களைப் பறித்து, விதைகளை எடுத்துக் கழுவி, நான்கு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்து, காகித உறையில் போட்டு, மழைக்காலம் தொடங்கட்டும் என்று கார்த்திகை வரை பத்திரமாக வைத்திருந்தேன். நெல்லுக்கும் பயறுக்கும் கத்தரிக்கும் பழகிய கை அது. விதை என்றால் காயவைத்துக் காப்பாற்றுவது என்றே எனக்குத் தெரியும். கார்த்திகையில் அறுபது விதைகளை ஊன்றினேன். தை முடிந்தும் ஒன்றுகூட எழவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தேன். விதைகள் அப்படியே கிடந்தன. நகத்தால் அழுத்தினால் உள்ளே வெறுமையாக, பழுப்பு நிறப் பொடியாக இருந்தன.

அந்தப் பாத்தியின் அருகே ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர் நான் கிளறுவதைப் பார்த்து என்ன விதை என்று கேட்டார். சொன்னேன். எப்போது எடுத்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

“காயவச்ச களா விதை செத்த விதை, ஆத்தா. பழத்துல இருந்து நேரா மண்ணுக்குப் போகணும். குருவி உன்னையாட்டம் உறையிலயா போட்டு வைக்குது?” என்றார்.

அவர் சொன்னதில் இந்தச் செடியின் இயல்பு முழுவதும் இருந்தது. களா விதைக்குத் தூங்கும் குணம் இல்லை. நெல் தன் ஈரத்தை இழந்து உறங்கி, தண்ணீர் கண்டதும் விழித்துக்கொள்ளும். களா விதை ஈரத்தை இழந்தால் உயிரையும் இழந்துவிடுகிறது. வேம்பின் விதையும் நாவலின் விதையும் ஏறக்குறைய இதே இயல்புடையவை என்று நினைவுகூர்ந்தால் வியப்பு குறையும். நாவல் கொட்டை கனி விழுந்த இடத்திலேயே மழையில் முளைத்துக் கிடப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அறிவைக் களாவுக்குக் கொண்டுவந்து பொருத்த எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு ஆனிக் கடைசியிலேயே பழத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். களாக்காய் பச்சையாகத் தொடங்கி, சில செடிகளில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து, பிறகு சிவந்து, கடைசியில் கருத்து முற்றும். சிவந்த பழத்திலேயே விதை முற்றிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அறுத்துப் பார்த்தால் விதையின் மேல்தோல் வெளிறி, மென்மையாக இருக்கும். விதைக்கு வேண்டிய பழம் முழுக்கக் கருத்து, தொட்டவுடன் காம்பிலிருந்து கழன்றுவர வேண்டும். அந்த நிலைக்கு வந்த பழத்தைக் கொண்டைக்குருவிகளும் மைனாக்களும் ஒரே பொழுதில் தீர்த்துவிடும் என்பதால், நான்கைந்து கிளைகளில் பழைய கொசுவலைத் துணியைக் கட்டி வைத்தேன். ஒரே புதரில் எடுக்காமல், கண்மாய்க்கரையில் இருந்த மூன்று புதர்களிலும், அய்யனார் கோயில்காட்டின் விளிம்பில் இருந்த இரண்டு சிறுகளாப் புதர்களிலும் எடுத்தேன். கோயில்காட்டில் சுள்ளி ஒடிப்பதும் வழக்கமில்லை. ஆகவே அங்கே கீழே உதிர்ந்து கிடந்தவற்றை மட்டும் பொறுக்கினேன்.

விதை எடுப்பது பிசுபிசுப்பான வேலை. பழுத்த கனியில் பால் குறைந்திருந்தாலும் முழுக்க மறைவதில்லை. அது விரலிடுக்கில் ஒட்டி, காய்ந்து, சோப்புக்கு மசியாது. கையில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு தொடங்குவது நல்லது. சாற்றின் கருஞ்சிவப்புக் கறை துணியில் பட்டால் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழங்களை வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, சதையைக் கழித்து, அடியில் தங்கிய விதைகளை ஒரு பிடி ஆற்றுமணலோடு சேர்த்து உள்ளங்கையில் மெதுவாகத் தேய்த்தால் வழவழப்பு நீங்கும். விதை தட்டையானது, பழுப்பு நிறம், ஓரம் மெலிந்திருக்கும். சிறுகளாவில் இரண்டோ மூன்றோ கிடைத்தன. பெருங்களாவில் ஐந்தாறு வரை. மிதப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மூழ்கியவற்றை நிழலில் ஒரு துணியில் பரப்பி, மேலீரம் வற்றியதும் அன்று மாலையே ஊன்றிவிட்டேன். வெயில் ஒரு நாழிகை கூடப் படக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தேன்.

செம்மண்ணும் மணலும் மக்கிய ஆட்டெருவும் சம அளவில் கலந்து, துளையிட்ட பழைய மரப்பெட்டிகளில் நிரப்பியிருந்தேன். விதையை விரல்நகத்தின் ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டியதில்லை. மேலே மெல்லிய மணற்போர்வை, அதன்மேல் பனையோலை நிழல். பூவாளியால் காலையில் ஒருமுறை மட்டும் தண்ணீர். பதினேழாம் நாள் காலையில் முதல் முளை வளைந்த முதுகோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு நின்றது. அடுத்த இரண்டு வாரங்களில் மற்றவையும் எழுந்தன. நூற்றிருபது விதைகளில் எழுபத்துநான்கு. ஒரு மாதத்துக்குப் பிறகு எழுந்தது மூன்றே மூன்று.

அந்த எழுபத்துநான்கில் சில பிழைக்கவில்லை. ஐப்பசியில் விடாத அடைமழை பெய்த ஒரு வாரத்தில், ஓலைக்கூரையின் ஒழுக்கு விழுந்துகொண்டிருந்த பெட்டியில் இருந்த நாற்றுகள் எல்லாம் தண்டின் அடி கறுத்துச் சுருங்கி, ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நாற்றழுகல். களா வறட்சியைத் தாங்கும், பாறையைத் தாங்கும், உவர்மண்ணைக்கூட ஓரளவு தாங்கும். வேரடியில் தேங்கும் நீரை மட்டும் தாங்காது. குறிப்பாக முதல் மூன்று மாதங்களில் நாம் அன்பு மிகுதியால் ஊற்றும் தண்ணீரே அதற்குப் பெரிய பகை. மீந்த பெட்டிகளைத் திண்ணைக்கு மாற்றி, மண் மேல்பரப்பு வெளுத்த பிறகே தண்ணீர் தெளித்தேன். அதற்குப் பிறகு இழப்பு நின்றது.

நான்காவது இலைச் சோடி வந்ததும் நாற்றுகளைத் தனித்தனிப் பைகளுக்கு மாற்றினேன். இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மேலே நான்கு விரற்கடை உயரம்கூட இல்லாத நாற்றைத் தோண்டியெடுத்தால் கீழே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆணிவேர் இறங்கியிருந்தது. களா தன் முதல் ஆண்டை வேரில் செலவிடுகிறது. மேலே வளரவில்லையே என்று உரம் போட்டு விரட்டத் தேவையில்லை. ஆனால் நாற்றுப் பண்ணைகளில் பயன்படும் குட்டையான பைகளில் இந்த ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட செடி பின்னாளில் கோடையைத் தனியாகச் சமாளிக்காது. ஆகவே ஒரு முழ நீளமுள்ள ஒடுங்கிய பைகளாகத் தேடி வாங்கினேன். பதியன் போட்டும் குச்சி ஊன்றியும் களாவைப் பெருக்கலாம். காயும் விரைவில் வரும். ஆனால் தண்ணீர் பாய்ச்ச வழியில்லாத சரளை நிலத்தில் நிற்கப்போகும் வேலிக்கு, கல்லிடுக்கைத் தானே தேடி இறங்கும் ஆணிவேர் வேண்டும் என்பதே விதையைத் தேர்ந்ததற்கு என் முதல் காரணம்.

இரண்டாவது காரணம், விதைநாற்றுகள் தம்முள் ஒன்றுபோல் இருப்பதில்லை. களாவில் மகரந்தம் பெரும்பாலும் செடிவிட்டுச் செடி போகிறது. ஆகவே ஒரே புதரின் விதைகளிலிருந்து வந்த செடிகளுக்குள்ளும் காயின் நிறம், அளவு, புளிப்பு, முள்ளின் நீளம் எல்லாம் மாறும். தோட்டமாகப் பயிரிடுவோருக்கு இது தொல்லை. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா என்று தேர்ந்த ரகங்களை வெளியிட்டிருப்பதும், கொங்கண் பகுதியில் கொங்கண் போல்டு என்ற பெரிய காய் ரகம் உருவானதும் இந்த வேறுபாட்டிலிருந்து நல்லதைப் பிரித்தெடுத்துத்தான். எனக்கு ஒரே மாதிரியான காய் தேவைப்படவில்லை. நோயோ வறட்சியோ வந்தால் எல்லாம் ஒருசேரச் சாயாத ஒரு கலப்புக் கூட்டமே வேலியாக நிற்க வேண்டும் என்று எண்ணினேன்.

ஊன்றிய ஆடியிலிருந்து எண்ணினால் பதினான்காம் மாதம், புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னோடியாக இரண்டு நல்ல மழை பெய்ததும் நடவு செய்தேன். ஓரடிக் குழி, இரண்டடிக்கு ஒன்று, இரண்டு வரிசையாக, ஒரு வரிசையின் இடைவெளியில் மற்ற வரிசையின் செடி வரும்படி. குழியில் ஆட்டெருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் போட்டதோடு சரி. முள்செடியாயிற்றே என்று காவலின்றி விட்டுவிடக் கூடாது. இளங்களாவின் முள் மென்மையானது, அதன் தளிரை ஆடு விரும்பி மேயும். வெட்டிக் கிடந்த சீமைக்கருவேல முள்ளை இரண்டு பக்கமும் அடைப்பாகப் போட்டேன். களாவை அழித்தபோது அதோடு சேர்த்து எரிக்கப்பட்ட அதே முள், இப்போது களா நாற்றுக்குக் காவலாக இரண்டு ஆண்டு கிடந்து மட்கியது.

முதல் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு ஒரு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். இரண்டாம் கோடையில் நான்கே முறை. அதன்பிறகு ஊற்றவே இல்லை. நட்ட மறு ஆண்டில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் அடியிலிருந்தே வெடித்து அடர்த்தி கூடும். கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, வேலிக்கு உதவாமற்போகும். பூ கிளைநுனியில் வருவதால், கழிப்பதைப் பழம் முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். மார்கழியில் அழகுக்காக வெட்டினால் மாசியில் பூவை எதிர்பார்க்க முடியாது. எங்கள் பக்கத்து நிலத்தார் ஒருவர் இப்படி வெட்டிவிட்டு, இது மலட்டுச் செடி என்று எண்ணி இரண்டு ஆண்டு வருந்தியிருக்கிறார்.

நட்ட மூன்றாம் ஆண்டில் பூத்தது. காய் என்று சொல்லும்படி வந்தது சென்ற ஆண்டுதான்.

அந்த முதல் காயை என்ன செய்வது என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. அப்பத்தா செய்தபடி உப்பில் போட்டேன். பச்சைக் களாக்காயைப் பறித்தவுடன் காம்பின் அடியில் பால் துளிர்க்கும். அதை உப்புத்தண்ணீரில் ஒரு பொழுது போட்டு அலசினால் பாலும் துவர்ப்பின் பெரும்பகுதியும் இறங்கிவிடும். பிறகு துடைத்து, இரண்டாக வகிர்ந்து, விதையை நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பீங்கான் ஜாடியில் மூன்று நாள் குலுக்கி வைக்க வேண்டும்; புளிப்பு மிகுந்த காய் என்பதால் அலுமினியப் பாத்திரம் கூடாது. நான்காம் நாள் நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, வறுத்துப் பொடித்த வெந்தயமும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் கிளறினால் ஊறுகாய். மாங்காய் ஊறுகாயின் புளிப்பு நாவில் நேராக இறங்கும். களாக்காயின் புளிப்புக்குப் பின்னால் ஒரு துவர்ப்பு தங்கி நிற்கும், கூழோடும் பழைய சோற்றோடும் அதுவே தேடச் செய்கிற சுவை. புளி தட்டுப்பட்ட நாள்களில் பருப்புக்கும் குழம்புக்கும் களாக்காயை நசுக்கிப் போடுவதுண்டு. ஆந்திரத்தில் வாக்காயப் பருப்பு இன்றும் மழைக்காலத்து உணவாக வழக்கில் இருக்கிறது. உப்பு மோரில் ஊறவைத்து வற்றலாகக் காயவைத்தால் ஆண்டு முழுவதும் இருக்கும். பிஞ்சாகவும் பழமாகவும் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதைச் சமையலில் சேர்க்க முடியாது. ஆனால் பள்ளி வாசலில் கூறு கட்டி விற்ற களாக்காயைத் தின்று பல் கூசிய நினைவு இல்லாதவர்கள் எங்கள் வயதில் குறைவு.

பழுக்கும் முன்னான சிவந்த காயில் பெக்டின் மிகுதி. அதனால் சர்க்கரையோடு கொதிக்கவைத்தால் வேறு எதுவும் சேர்க்காமலே கூழ்ப்பாகு உறைந்து நிற்கிறது. நிறம் கண்ணைப் பறிக்கும். பேக்கரிகளில் ரொட்டியின் மீதும் கேக்கின் மீதும் செர்ரி என்ற பெயரில் வைக்கப்படும் சிவப்புப் பழத்தில் பெரும்பகுதி, விதை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். நம் குழந்தைகள் வேறு பெயரில் களாவைத் தின்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் பெயரையும் சேர்த்து அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

உணவுக்கு வெளியே இதன் பயன்கள் இன்று பெரும்பாலும் பேச்சில்தான் உள்ளன. வெண்மையும் மஞ்சளும் கலந்த இதன் கட்டை கடினமானது, வழவழப்பானது. அகப்பையும் சீப்பும் கடைவதற்கு ஏற்றது. பெரிய மரமாக ஆகாததால் சிறு பொருள்களோடு நின்றுவிட்டது. காயின் துவர்ப்பைத் தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மருத்துவத்தில் பசியைத் தூண்டவும் பித்தத்தைத் தணிக்கவும் கனியைச் சொல்வார்கள். வாய் கசந்து சோறு இறங்காத காய்ச்சல் முடிவில் அப்பத்தா ஒரு துண்டுக் களா ஊறுகாயை நாக்கில் வைத்துவிட்டுத்தான் கஞ்சியை எடுப்பார். வேரைப் பற்றியும் பலர் பலவாறு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இந்த இடத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அரளிக் குடும்பத்துச் செடி இது. இதன் வேரில் இதயத் துடிப்பை மாற்றவல்ல கிளைக்கோசைடுகள் இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. கற்றறிந்த மருத்துவர் கையால் அன்றி, யாரோ சொன்னார்கள் என்று களாவேரை இடித்துக் குடிப்பது ஆபத்து. கனியை உண்பதோடு நம் வீட்டு வைத்தியம் நின்றுவிட வேண்டும்.

ஆனால் எல்லாப் பயன்களுக்கும் மேலாக வேலி என்ற பயனையே நான் வைப்பேன். கம்பிவேலி கட்டிய நாளில்தான் வலுவாக இருக்கிறது, பிறகு ஒவ்வோர் ஆண்டும் நலிகிறது. களாவேலி ஒவ்வோர் ஆண்டும் இறுகுகிறது. ஆண்டு முழுவதும் இலை உதிராமல் நிற்பதால் ஆடிக்காற்றின் வேகம் அதில் பட்டு உடைகிறது. வேலியை ஒட்டிய நான்கு சால் கடலை இப்போது மற்றவற்றைவிடத் தாமதமாக வாடுகிறது. அடியில் சருகு சேர்ந்த இடத்தில் மழைக்குப் பின் மண்புழு எச்சம் தெரிகிறது. சீமைக்கருவேலமும் வேலிதான், அதுவும் முள்தான் என்று சிலர் கேட்கிறார்கள். அது நிலத்துக்குள் நடந்து வரும். களா ஊன்றிய இடத்தில் நிற்கும். பல ஆண்டு நின்ற அந்தப் பழைய வேலி, என் நினைவில், உழவுக்குள் ஒரு முழம் நுழைந்ததில்லை.

வேலியில் நிற்கும் நாற்பத்தோரு செடிகளில் இப்போது வேறுபாடுகள் தெளிவாகத் தெரிகின்றன. கிழக்குக் கோடியில் இரண்டு செடிகளின் காய் பச்சையிலிருந்து நேரே சிவப்பாகிறது. நடுவில் ஒன்று பாதி வெள்ளையும் பாதி ரோஜா நிறமுமாக, பொம்மைக்குச் சாயம் பூசியது போலக் காய்க்கிறது. சிறுகளாச் செடிகள் இன்னும் முழங்கால் உயரம்தான். ஆனால் பழம் அவற்றில்தான் இனிப்பு. நன்றாகக் காய்க்கும் ஐந்து செடிகளில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அவற்றின் மேற்கிளைகளில் கைவைப்பதில்லை. பாதி விதைக்கு, பாதி குருவிக்கு. சென்ற ஆடியில் விதை கேட்ட மூன்று பேருக்கு விதையாகக் கொடுக்காமல் பழமாகவே, ஈரத்துணியில் பொதிந்து, அன்றைக்கே ஊன்றுவதாகச் சொன்ன பிறகு கொடுத்தேன். ஒருவர் நாலைந்து நாள் கழித்துப் போட்டிருக்கிறார். அவருக்குப் பாதிதான் எழுந்ததாம். அவருக்கு இந்த ஆண்டு மீண்டும் கொடுக்க வேண்டும்.

இந்த மார்கழியில், வேலியிலிருந்து முப்பது அடி தள்ளி நிற்கும் ஒற்றைப் பனையின் அடியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது, எதிரெதிரான சிறு இலைகளோடு சில நாற்றுகள் நிற்பதைக் கண்டேன். ஒன்றை நகத்தால் கிள்ளினேன், பால் வந்தது. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. அங்கே நான் எதையும் ஊன்றவில்லை. கொண்டைக்குருவிகள் மாலையில் வந்து அமரும் மரம் அது. எடுத்துப் பையில் வைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆணிவேர் இந்நேரம் எவ்வளவு கீழே போயிருக்கும் என்று எண்ணி விட்டுவிட்டேன். சுற்றிலும் சரளைக் கல்லை வட்டமாக அடுக்கி, ஆடு வாய் வைக்காதபடி மேலே நான்கு முள்கிளைகளைச் சாய்த்துவிட்டு, மற்றப் பக்கம் களை எடுக்கப் போனேன்.